இயற்கை நீர்வண்ணக் கண்காட்சியும் ஊர் உயிரினப் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளிக்கூட அரங்கிலோ நூலகத்திலோ இயற்கை நீர்வண்ணப் படங்களை மாட்டி, மாலையில் உள்ளூர் உயிரினங்களைப் பற்றிப் பேச்சும் வைத்தால் சில சந்தேகங்கள் தவறாமல் வரும். பார்க்க வருகிறவர்கள், வரைகிறவர்கள், நடத்த நினைக்கிறவர்கள் எல்லோரும் கேட்பவை கலந்து இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

வாட்டர் கலர்னா ஸ்கூல்ல கேக் கலர் வச்சு அடிப்போமே, அதுதானே? அதுக்கு எதுக்குக் கண்காட்சி?

அடிப்படை அதுதான். நிறமிப் பொடி, அதைத் தாளில் பிடித்து நிறுத்த வேல மரப் பிசின், கரைக்கத் தண்ணீர். பள்ளிக்கூட கேக்கில் நிறமி குறைவு, நிரப்புப் பொடி அதிகம். அதனால்தான் காய்ந்ததும் சுண்ணாம்பு பூசியது போல வெளிறித் தெரிகிறது.

போஸ்டர் கலர் கீழே உள்ளதை மூடிவிடும். நீர்வண்ணம் மூடாது. வெளிச்சம் நிறத்தைத் தாண்டிப் போய்த் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆக வெள்ளை என்பது தாள்தான். வெள்ளைக் கொக்கு வேண்டுமென்றால் கொக்கை விட்டுவிட்டுச் சுற்றிலும் வயலை வரைய வேண்டும். தப்பினால் மேலே பூசி மறைக்க வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு சுவர்முன் நின்றால் பார்க்கிற பார்வையே வேறு.

புலி, சிங்கம் எல்லாம் இருக்குமா? பிள்ளைக கேக்குதுக.

சிங்கம் கிடையாது. புலியும் பெரும்பாலும் இருக்காது. மதுரைக்குப் பக்கத்தில் புலிக்காடு என்றால் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அங்கே போகிறவர்களுக்கும் புலி எளிதில் தட்டுப்படாது; சாம்பல் நிற அணில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்க முடிகிற உயிர்களே சுவரில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. வண்டியூர், சாமநத்தம் கண்மாய்களில் கூழைக்கடா, சங்குவளை நாரை, நாமக்கோழி. கீழக்குயில்குடி சமணர் மலையிலும் நாகமலையிலும் பனங்காடை, மயில், கீரி. அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களில் தேவாங்கு. வீட்டுக் கொல்லையில் தவிட்டுக்குருவி, ஓணான், செண்பகம். ஒரு படத்தைப் பார்த்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த உயிரைத் தேடிப் போக முடிய வேண்டும்.

போட்டோவே இவ்வளவு தெளிவா வருதே, வரைஞ்சு வேற பாக்கணுமா?

போட்டோ ஒரு நொடியைத்தான் காட்டும். ஒரே தாளில் ஆண், பெண், குஞ்சு மூன்றையும், இறக்கை மூடியும் விரித்தும் அருகருகே வைக்க வரைபடத்தால் முடியும். மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் பாதி நாள் பழுப்புக் கோடு போட்ட உடம்போடு வரப்பில் நிற்பது தெரியாமல் நிற்கும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். இரண்டையும் தனித்தனிப் பறவை என்றே பலர் நினைக்கிறார்கள். பக்கம் பக்கமாக வரைந்து வைத்தால் குழப்பம் அங்கேயே தீரும்.

பேச்சு எவ்வளவு நேரம்? காலேஜ் லெக்சர் மாதிரி இருக்குமா?

நாற்பது நிமிடப் பேச்சு, இருபது நிமிடக் கேள்வி. அதற்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். திரை போட்டுப் படம் காட்டுவதைவிட, சுவரில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு படங்களையே வரிசையாக வைத்து, கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே பேசுவது நன்றாக எடுபடும்.

ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு போதும்: கண்மாய்ப் பறவைகள், பாம்புகள், இரவு உலவிகள், பட்டாம்பூச்சிகள். பட்டாம்பூச்சி நாளில் 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், தயாராகப் போங்கள். மறுநாள் காலை 6 மணிக்கு ஒரு கண்மாய்க் கரையில் கூடுவதாக அறிவித்தால், பேச்சுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் வருவார்கள். எட்டு மணிக்கு மேல் வெயிலும் ஏறும், பறவையும் ஒதுங்கும்.

கைக்குழந்தை, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. படங்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்; விரலில் உள்ள எண்ணெய் தாளில் இறங்கினால் போகாது. பாம்புப் பேச்சு மட்டும் மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நானும் படம் வைக்கலாமா? எந்தப் பேப்பர் வாங்கணும்?

வைக்கலாம். 300 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்த தாள் வேண்டாம். தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். முழுத்தாள் 22 x 30 அங்குலம். அதில் கால் பங்கு, அதாவது 11 x 15, ஒரு பறவைக்கு நல்ல அளவு.

மரக்கூழ்த் தாள், பருத்தித் தாள் என இரண்டு வகை உண்டு. மரக்கூழ் மலிவு, ஆனால் தண்ணீர் மேலேயே நின்று சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு முறை தேய்த்தால் நார் எழும்பும். நூறு சதவீதப் பருத்தித் தாள் ஈரத்தை அதிக நேரம் பிடித்துவைக்கும், ஒரு தவறைத் துடைத்து எடுக்கவும் விடும். பயிற்சிக்கு மரக்கூழ், கண்காட்சிக்குப் பருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறகு, செதில் போன்ற நுணுக்கத்துக்கு வழவழப்பான ஹாட் பிரஸ். தண்ணீர், வானம், பாறைக்குச் சொரசொரப்பான கோல்டு பிரஸ். தாளைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். எண்ணெய்ப் புகை படிந்த தாளில் நிறம் பொட்டுப் பொட்டாக ஒதுங்கும்.

நம்ம ஊரு வெயில்ல வாஷ் அடிச்சா கோடு கோடா நின்னுடுது. என்ன பண்ண?

வாஷ் என்றால் நீர்த்த நிறத்தைப் பெரிய பரப்பில் ஒரே சீராகப் பரப்புவது. கை சரியாகத்தான் இருக்கும், காற்றைப் பாருங்கள். ஏப்ரல், மே மதியத்தில் மின்விசிறியைச் சுழலவிட்டு வானம் தீட்டினால், தூரிகை வலப்பக்கம் போவதற்குள் இடப்பக்கம் காய்ந்து ஓரம் கட்டிவிடும். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் பெரிய வாஷ்களை முடித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தால் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொள்ளலாம். சொட்டு தாளில் விழக் கூடாது.

தாளை ஐந்து பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் விரித்து, நான்கு ஓரமும் நனைத்து ஒட்டும் பழுப்புக் காகித டேப்பால் ஒட்டி, முழுக்கக் காயவிட்டுப் பிறகு தொடங்கினால் நெளியாது. வாஷுக்குத் தேவை என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு நிறம் கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கிற நேரத்தில்தான் கோடு விழுகிறது. பலகையின் தலைப்பக்கத்தை ஒரு செங்கல் உயரத்துக்குத் தூக்கி, மேலிருந்து கீழாக, முந்தைய கோட்டின் அடியில் திரண்டு நிற்கும் நீரைத் தொட்டுத் தொட்டு இறங்குங்கள். பாதி காய்ந்த இடத்தில் தூரிகையைத் திரும்ப வைக்கவே கூடாது. புதிய தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிபிளவர் வடிவத்தில் கறை நிற்கும். ஒன்று ஈரமாக இருக்கும்போதே செய்யுங்கள், இல்லை முழுக்கக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

போர் தண்ணி ஊத்திக் கலக்கலாமா?

உப்புத் தண்ணீராக இருந்தால் வேண்டாம். அல்ட்ராமெரின் போன்ற நிறங்கள் திரிந்து துகள் துகளாகப் படியும். கருமையான இடங்களில் காய்ந்தபின் வெள்ளைப் பூப்பு தெரியும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ போதும். தூரிகை கழுவ ஒன்று, நிறம் கலக்க ஒன்று என இரண்டு டம்ளர் வையுங்கள்.

கரிச்சானுக்கு கருப்பு டியூப்பே போட்டா செத்த மாதிரி இருக்கு. கொக்கு வெள்ளையும் வரல. நாரையோட ரோஸ் கலருக்கு என்ன போடுறது?

கருப்பை டியூப்பிலிருந்து எடுக்காமல் கலந்து எடுங்கள். அல்ட்ராமெரின் நீலமும் பர்ன்ட் அம்பரும் கெட்டியாகக் கலந்தால் ஆழமான கருப்பு வரும். நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் கரிச்சான் முதுகின் பளபளப்பும் கிடைக்கும். ஓரிரு இடத்தில் தாளை வெறுமையாக விட்டால் அதுதான் மினுக்கம். கொக்கின் வெள்ளைக்கு முதல் கேள்வியின் பதில்தான். ஆனால் வெள்ளை உடம்பிலும் நிழல் உண்டு. வயிற்றடியில் மிக நீர்த்த நீலச் சாம்பல் ஒரு பூச்சு கொடுத்தால்தான் உருண்டு தெரியும்.

சங்குவளை நாரையின் ரோஜா நிறத்துக்குப் பலர் ஓபரா பிங்க் எடுக்கிறார்கள். அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். வெளிச்சத்தில் மாட்டினால் அந்த மினுமினுப்புச் சாயம்தான் முதலில் வெளுக்கும். பி.ஆர். 83 என்று நிறமி எண் அச்சிட்ட அலிசரின் கிரிம்சனும் வெளுக்கிற ஜாதியே. டியூப்பின் பின்பக்கம் பி.வி. 19 என்று இருக்கும் குயினாக்ரிடோன் ரோஸ் தாங்கும். விற்கிற படத்தில் வெளுக்கும் நிறம் போடுவது வாங்கியவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

கூகுள்ல படம் பாத்து வரையலாமா?

இதில் இரண்டு சிக்கல். ஒன்று உரிமை: போட்டோ எடுத்தவருக்கு அதில் பதிப்புரிமை உண்டு, அப்படியே பெயர்த்து வரைந்து விற்பதற்கு அவரிடம் அனுமதி வேண்டும். பல படங்களைப் பார்த்து உடலமைப்பைப் புரிந்துகொண்டு, நீங்களே ஒரு நிலையில் அமைத்து வரைவது வேறு விஷயம்.

இன்னொன்றைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. இணையத்தில் கிடைப்பது நம் ஊர்ப் பிராணியாகவே இருக்காது. நம் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. வட இந்திய நகரங்களில் எடுத்த படத்தில் ஐந்து கோடு இருக்கும், அது வேறு இனம். கருஞ்சிட்டு ஆணுக்கு இங்கே முதுகு கருப்பு, வடக்கே பழுப்பு. திருப்பரங்குன்றம் பாறையில் பழுப்பு முதுகுக் கருஞ்சிட்டை உட்காரவைத்துப் படம் வருகிறது என்றால் எங்கிருந்து எடுத்தது என்று உடனே தெரிந்துவிடும். பறவை நிற்கிற கிளையும் அப்படித்தான்: பைன் மரம் வேண்டாம், உடைமரமோ பனையோ போடுங்கள்.

கால் விரல் தப்புன்னு படத்தைத் திருப்பி அனுப்பிட்டீங்களே, கலைக்கு எதுக்கு இவ்வளவு கறார்?

பேச்சே அந்தப் படத்தை வைத்துத்தான் நடக்கிறது. நிறத்தில், பின்னணியில் எவ்வளவு சுதந்திரம் வேண்டுமானாலும் எடுங்கள்; உடம்பில் எடுக்காதீர்கள். கிளி, மரங்கொத்தி, செண்பகம் மூன்றுக்கும் விரல் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பழக்கத்தில் முன்னால் மூன்று போட்டுவிடுகிறார்கள். தேவாங்குக்கு வால் கிடையாது. குரங்கை நினைத்துக்கொண்டு வால் வைத்த படங்கள் நிறைய வருகின்றன. சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள்; உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். மயிலின் தோகை வால் அல்ல, வாலின் மேல்மூடி இறகுகள். விரிக்கும்போது அதைத் தாங்கிப் பின்னால் நிற்பதுதான் வால். தூக்கணாங்குருவியில் மஞ்சள் தலை இனப்பெருக்கக் கால ஆணுக்கு மட்டும். கூட்டின் குழாய் வாய் கீழ்நோக்கி இருக்கும்.

வரைந்து முடிக்கும் முன் பென்சில் கோட்டு நிலையிலேயே பறவை பார்க்கிற ஒருவரிடம் காட்டிவிடுங்கள். முன்பு சொன்னபடி நீர்வண்ணத்தில் பிறகு மேலே பூசித் திருத்த முடியாது.

ஃப்ரேம் கடையில எல்லாமே ஒட்டிக் குடுத்துடுறாங்க. அது போதாதா?

கடையில் சாமி படத்துக்குச் செய்வதைத்தான் செய்வார்கள்: கண்ணாடியோடு தாளை ஒட்டி, பின்னால் சாதா அட்டை, ஓரம் முழுக்க செல்லோ டேப். நீர்வண்ணத்துக்கு இந்த மூன்றுமே கெடுதல். தாள் கண்ணாடியைத் தொட்டால் ஈரக் காலத்தில் உள்ளே நீர் கோத்து ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் நிறம் கண்ணாடியோடு வரும். சாதா அட்டையின் அமிலம் சில வருடத்தில் தாளைப் பழுப்பாக்கும். செல்லோ டேப்பின் பசை மஞ்சளாகி ஊறும்.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: நடுவே ஜன்னல் வெட்டிய அமிலமில்லாத மவுண்ட் போர்டு, அதுதான் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி தரும், பின்னாலும் அதே போர்டு, படத்தை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய காகிதக் கீல் வைத்து, கோதுமை மாவுப் பசையால் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் தாள் ஈரத்துக்கு விரிய இடமில்லாமல் புடைக்கும். பின்பக்கத்தைத் தாள் ஒட்டி முழுக்க மூடச் சொல்லுங்கள். இராமபாணப் பூச்சிக்கு ஒரு சந்து போதும்.

எந்த மாசம் வைக்கலாம்? ஹாலுக்கு என்ன பாக்கணும்?

ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. பொங்கலும் ஜல்லிக்கட்டும் முடிந்திருக்கும், மழை ஓய்ந்திருக்கும், கண்மாயில் தண்ணீரும் ஊசிவால் வாத்து போன்ற வலசைப் பறவைகளும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; தாளில் பூஞ்சைப் புள்ளி விழும் காலம். சித்திரைத் திருவிழா சமயத்தில் நகருக்குள் வைத்தால் யாரும் உள்ளே வந்து சேர முடியாது. தை, மாசியில் முகூர்த்த நாளாகப் பார்த்துக் கல்யாண மண்டபம் கேட்டால் சிரிப்பார்கள். பள்ளி, நூலகம் என்று போங்கள்.

அரங்கில் முதலில் பார்க்க வேண்டியது மேற்கு ஜன்னல். மாலை வெயில் நேராகப் படும் சுவரில் படம் மாட்டவே கூடாது. அருங்காட்சியகங்களில் நீர்வண்ணத்துக்குச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். சில நாள் கண்காட்சிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை, எல்இடியாக இருக்கட்டும். விளக்கு படத்துக்கு நேரெதிரே வேண்டாம். மேலிருந்து சாய்வாக விழுந்தால் கண்ணாடியில் முகம் தெரியாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145–150 செ.மீ. உயரத்தில், பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் அதிகம் என்றால் ஒரு சாண் இறக்குங்கள். சுண்ணாம்புச் சுவர் ஆணியைத் தாங்குமா என்று முதல் நாளே அடித்துப் பார்க்க வேண்டும்.

விலை எப்படிப் போடுறது? வாங்குனவரு காலண்டர்ல அச்சடிக்கலாமா?

சதுர அங்குலக் கணக்கு வைத்தால் பேரம் குறையும். உதாரணமாக 11 x 15 என்றால் 165 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 20 ரூபாய் என்றால் 3,300. ஃப்ரேம் செலவைத் தனியாகக் காட்டுங்கள். விற்ற படத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டி, கடைசி நாள்வரை சுவரிலேயே விடுங்கள்.

வாங்கியவருக்குச் சொந்தமாவது தாள். அச்சிடும் உரிமை அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமையை மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஆனால் ஒருவர் பணம் தருவதாகச் சொல்லி, அவர் கேட்டதால் வரைந்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை கேட்டவருக்கே போகும். தனியாக ஆர்டர் எடுக்கும்போது ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கிறத நானே பாத்திருக்கேன். இல்லைங்கிறீங்களே?

பார்த்தது உண்மை, பார்த்தது எது என்பதில்தான் மாறுபாடு. இரண்டும் வேறு வேறு இனம், இணை சேராது. பின்னிக்கொண்டு தலையைத் தூக்கி ஆடுவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. நிற வேறுபாட்டால் ஒன்றை நல்ல பாம்பு என்று எண்ணிவிடுகிறார்கள். பாம்பு நாளில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும், இவற்றோடு குழப்பிக்கொள்ளும் நஞ்சில்லாப் பாம்புகளையும் ஜோடி ஜோடியாக வரைந்து மாட்டுவது பெரிய உதவி. கடித்தால் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிவில் சொன்னால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள்.

ஒரு கிளி, ஒரு ஆமை உசுரோட கொண்டாந்து காட்டுனா பிள்ளைகளுக்கு நல்லா புரியுமே?

முடியாது. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தானாக உதிர்ந்த மயிலிறகைக் காட்டலாம், அதற்குத் தடையில்லை. மற்றதற்குக் காலை நடை இருக்கிறது.

அரிட்டாபட்டியில வல்லூறு கூடு எந்தப் பாறையில? தேவாங்கு எங்க பாக்கலாம்? படத்துக்குக் கீழ போடலாமே?

போட மாட்டோம். விளக்க அட்டையில் உயிரின் பெயர், ஊரில் வழங்கும் பெயர், பார்த்த மாதம், வட்டம் (தாலுகா), இவ்வளவுதான். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் அங்கே இருப்பது அந்த அறிவிப்புக்கு ஒரு காரணம். கூட்டுக்கு நேர் கீழே கேமராவோடு கூட்டம் நின்றால் தாய்ப்பறவை முட்டையை விட்டு எழும். பாறையின் சூட்டில் முட்டை வெகுநேரம் தாங்காது. தேவாங்கை மாந்திரீகத்துக்கென்று பிடிப்பவர்கள் இன்னும் உண்டு. டார்ச் வெளிச்சமும் அதன் கண்ணுக்கு ஆகாது. அதைக் காக்கவென்றே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. வரைபவரும் படத்தின் பின்னணியில் அடையாளம் தெரியும் பாறை முகட்டை மாற்றிப் போடுவது நல்லது.

டங்ஸ்டன் விவகாரத்தைப் பேசுனா அரசியல் ஆயிடாதா?

அரிட்டாபட்டியைப் பேசிவிட்டு அதை விட்டால் கூட்டத்திலிருந்து யாராவது கேட்கத்தான் போகிறார்கள். தேதிகளோடு நடந்ததைச் சொல்லுங்கள்: நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் தேர்வான நிறுவனம் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது, அந்தப் பகுதிக்குள் பாரம்பரியத் தலமும் வந்தது, ஊர்மக்கள் போராடினார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேடையில் கட்சிக்காரரைவிட அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பேசவிடுங்கள்.

மயிலு எங்க கடலைய பூரா கிளறிப் போடுது. நீங்க மயில் படத்தை மாட்டி அழகு அழகுங்கிறீங்க. எங்களுக்கு என்ன சொல்றீங்க?

நியாயமான கோபம். மயில் 1963 முதல் தேசியப் பறவை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது என்று சொல்லி வாயை அடைப்பது பதிலாகாது. அது பெருகியதற்கு நரி போன்ற வேட்டையாடிகள் குறைந்ததும், ஒதுங்கச் சீமைக்கருவேலப் புதர்கள் பரவியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. விஷம் வைப்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சரிவராது: வழக்கு வரும், செத்த மயிலைத் தின்ற நாயும் சாகும்.

நடத்துபவர்களுக்குச் சொல்வது இது. மயில் பேச்சு வைத்தால் விவசாயி ஒருவரை முதலில் பேசவிட்டுப் பிறகு வனத்துறைக்காரரைப் பேசச் சொல்லுங்கள். தோகை விரித்தாடும் மயில் படம் ஒன்று போதும். கடலைக் காட்டில் செடியைக் கிளறும் மயில் கூட்டத்தையும் ஒருவர் வரைந்து தரட்டும், அதுவும் இந்த ஊர் மயில்தான். இந்தத் தலைப்பை ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பேச்சாக வைக்காதீர்கள். இருபது நிமிடக் கேள்வி நேரம் இதற்குப் பத்தாது.